எலுமிச்சைப் பூவில் வந்த ஈ

இன்று காலை சாரம் பேட்டையில், கிடங்குக்காகப் பார்க்கப் போன வீட்டின் கொல்லையில் எலுமிச்சை பூத்திருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வீட்டைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷக் கோடை அது. என் சோடாக் கடைக் கிணற்றோரம் நின்ற எலுமிச்சை கிளை கொள்ளாமல் பூத்தது. பூவெல்லாம் தேனீ. ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை முடிந்து வந்த நீ, ஒன்றை வெறுங்கையால் பிடித்தாய்.

"கொட்டிடும்டா!"

"கொட்டாது முசே." பிரெஞ்சுத் துரைகளைக் கூப்பிடுவதுபோல, நான் முதலாளி ஆனதும் நீ வைத்த கேலிப் பெயர். "தேனீக்கு நாலு றெக்க. இதுக்கு ரெண்டுதான். இது ஏதோ ஈ."

என்ன ஈ என்று உனக்கும் தெரியவில்லை. தெரியாததை விடுகிற ஆளா நீ? மரத்தடியைக் கிளறினாய். கக்கூஸ் குழி கசிந்து தேங்கிய இடத்தில், எலிவால் போல வால் நீண்ட புழுக்கள் நெளிந்தன. நாலைந்தை மண்ணோடு அள்ளிப் புட்டியில் போட்டு, அதன் வாயில் துணி கட்டிக் கொண்டுபோனாய். இரண்டு வாரம் கழித்து அதே புட்டியோடு வந்தாய். உள்ளே அந்த ஈ.

"சாக்கடையில பொறந்துதான் பூவுல வந்து குந்துது. குழிக்கும் கெணத்துக்கும் எத்தினி அடி?"

"ஆறு இருக்கும்."

"கெணத்த மூடு."

"சித்திர வெயில்லயா? தலச்சுமையா சோடா வித்து வாங்கின கெணறுடா."

"வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்புறம் நானே ஆஸ்பத்திரி மேலிடத்துக்கு எழுதிக் குடுத்துருவேன்."

புதன்கிழமை குருசுக்குப்பத்தில் ஒரு கல்யாணம். அந்தத் தண்ணீரில்தான் சோடா போட்டு அனுப்பினேன். தெரிந்தேதான் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை குப்பத்தில் வீட்டுக்கு வீடு வாந்திபேதி. நீ எழுதிக் கொடுக்கப் போகவில்லை. மருந்துப் பெட்டியோடு குப்பத்துக்குப் போனாய். அன்றே ஆள் வைத்துக் கிணற்றைத் தூர்த்தேன். திங்கட்கிழமை நீயே படுத்தாய். புதன்கிழமை நீ இல்லை.

கோடை வந்தால் வாந்திபேதி எங்கேதான் இல்லை, என் தண்ணீர்தான் என்று யார் கண்டது என்று என் வியாபாரப் புத்தி இன்னமும் பேரம் பேசுகிறது. நீ இருந்தால் சிரிப்பாய்.

அடக்கம் முடிந்ததும் உன் மனைவி என்னிடம் வந்தாள். "அண்ணே, கடைசி வரைக்கும் ஒங்க பேரச் சொல்லி, கெணத்த மூடிட்டானான்னு கேட்டுக்கினே இருந்தாரு. எந்தக் கெணறுண்ணே?"

"ஆஸ்பத்திரிக் கெணறும்மா. மூடியாச்சு."

நீ ஒருவரிடமும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவள் பலகாரம் கொடுத்தனுப்புகிறாள், புருஷனின் உயிர்க் கூட்டாளி என்று. நானும் வாங்கிக்கொள்கிறேன்.