ஐந்தாம் எண் படாக் வில்லை

நேற்று மதியம் உங்கள் மகளிடமிருந்து ஒரு சிறு பொட்டலம் வந்தது. மாயாபந்தர் பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தாள். டாலிகஞ்ச் முனைக் கடையில் வாங்கி வைத்திருந்தார்கள். நான் போய் எடுத்து வந்தேன். மருந்துக் கவருக்குள் ஒரு கைக்குட்டை, கைக்குட்டைக்குள் வட்டமான ஒரு மரவில்லை. அதில் ஐந்து என்று பழுக்கக் காய்ச்சிய கம்பியால் எழுதியிருந்தது. முகர்ந்து பார்த்தேன், வாசனை இல்லை. கட்டைவிரலால் சற்று நேரம் தேய்த்த பிறகு அந்தமான் படாக் மரத்தின் மணம் லேசாக வந்தது.

கூட ஒரு சீட்டு. "அப்பா சட்டை அலமாரியில இருந்துச்சு அங்கிள். உங்க ஆபீஸ் சாமானான்னு தெரியல."

ஆபீஸ் சாமான்தான். இத்தனை வருடங்களாக என் பிஸ்கட் டின்னில் ஏழு வில்லைகள்தான் இருக்கின்றன. எட்டாவதை நான்தான் தொலைத்துவிட்டேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எது காணாமல் போனாலும் நான்தான் காரணம் என்று நம்புகிற ஆள் நான் என்பது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் போய் நாற்பது நாட்களுக்கு மேல் ஆகிறது. காரியத்துக்கு வர முடியாததற்கு முழங்கால் வலியைக் காரணமாகச் சொன்னேன். அது பாதிதான் உண்மை.

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் நான் தடுமாறுவேன். ஆய்வு, ஒப்பீடு, மதிப்பீடு என்று பத்து நிமிடம் பேசியும் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. நீங்கள் ஒரே வரியில் முடித்துவிடுவீர்கள். "சாரு மருந்து குடுக்க மாட்டாரு. குடுக்கிறதால நல்லது நடக்குதான்னு பாப்பாரு, அவ்வளவுதான்." சுகாதாரப் பணியாளராக இருந்துகொண்டு என்னைவிட நன்றாக என் தொழிலைச் சொன்னவர் நீங்கள்.

அந்த வருடம் நாங்கள் பார்க்க நினைத்தது எளிய விஷயம். ரத்த அழுத்தம் உள்ளவர்களின் வீட்டுக்கே வாரம் ஒரு நர்ஸ் போய், அளந்து, மாத்திரை கொடுத்து, அங்கிருந்தே டாக்டரிடம் போனில் பேசினால் பக்கவாதமும் சாவும் குறையுமா என்பது. மாயாபந்தரைச் சுற்றி எட்டுக் குடியிருப்புகள். இருந்தது ஒரே ஒரு டிங்கிப் படகு. எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் தொடங்க முடியாது. ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒரு குடியிருப்பாகத் தொடங்குவது, யார் முன்னே யார் பின்னே என்பதைக் குலுக்கிப் போட்டு எடுப்பது, தொடங்கிய இடங்களையும் காத்திருக்கும் இடங்களையும் ஒப்பிடுவது என்று திட்டம் வகுத்தேன். கடைசியில் எல்லோருக்கும் கிடைத்துவிடும். யாருக்கும் அநியாயம் இல்லை. காகிதத்தில் அது அழகாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

காகிதச் சீட்டு வேண்டாம் என்று சொன்னவர் நீங்கள். மடிப்பு மாறும், விரலுக்குத் தெரிந்துவிடும் என்றீர்கள். சாத்தம் மரமில்லில் வேலை பார்த்த உங்கள் மச்சானிடம் சொல்லி படாக் துண்டுகள் வாங்கி, குடியிருப்புக்கு ஒன்றாக வட்டமாக அறுத்து, எண் சுட்டு, மருந்து நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தீர்கள். ஒன்று மட்டும் இம்மி கனமாக இருந்தது. அதை மூன்று முறை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தீர்கள். "நம்ம கணக்கப்பிள்ளை சாருக்குத் தூக்கம் வரணும்ல" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. உங்கள் அப்பா இலங்கை மலையில் கொழுந்து பறித்த நாளில், ஆளையும் கொழுந்தையும் எண்ணி எழுதியவருக்குப் பெயர் கணக்கப்பிள்ளை. அன்று முதல் எனக்கு அந்தப் பெயர் நிலைத்தது.

குலுக்கல் நடந்த பஞ்சாயத்து அறையில் பத்துப் பேர் இருந்திருப்போம். முதல் இடத்துக்காக நீங்கள் டின்னுக்குள் கைவிட்டு எடுத்தீர்கள். விரலிடுக்கில் இரண்டு வில்லைகள் இருந்தன. ஒன்று ஐந்து, உங்கள் குடியிருப்பு. இன்னொன்று இரண்டு, ஓடைக்கு அக்கரையில் உள்ளது.

"சார், ரெண்டும் ஒண்ணா வந்துருச்சு."

எது முதலில் கையில் பட்டது என்று கேட்டேன். ஐந்து என்று சொல்லியிருந்தால் நான் எழுதிக்கொண்டிருப்பேன். நீங்கள் ஒரு நொடி யோசித்துவிட்டு, தெரியவில்லை, சேர்ந்துதான் வந்தது என்றீர்கள். அப்போது பஞ்சாயத்துப் பெரியவர், வங்காளி, ஹிந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். சொந்த ஊரே முதலில் வருகிறதே, நல்ல கை என்பதுதான் அதன் பொருள். வெறும் கேலி. நீங்களும் சிரித்தீர்கள். எனக்குத்தான் வியர்த்தது. நாளை யாராவது இந்த ஆய்வையே சந்தேகப்பட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. இரண்டையும் திரும்பப் போடுங்கள் என்றேன்.

போட்டீர்கள். மறுபடி குலுக்கினீர்கள். ஒவ்வொன்றாக வந்தன. இரண்டாம் எண் மூன்றாவதாக வந்தது. கடைசியில் டின்னில் தனியாகக் கிடந்தது ஐந்து. அதை வெளியே எடுத்துக் காட்டி, "கடைசி பெஞ்சுதான் சார், நமக்குப் பழக்கம்தான்" என்றீர்கள். அதைத் திரும்ப டின்னில் போட்டீர்களா, சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்களா என்பதை நேற்றிலிருந்து நினைவுபடுத்திப் பார்க்கிறேன். வரவில்லை.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மறுநாள் போர்ட் பிளேயருக்குத் திரும்பும்போது, பஸ்ஸை ஃபெர்ரியில் ஏற்றுவதற்காக வரிசையில் நின்றிருந்தோம். இறங்கி நிழலில் நின்றபோது எனக்கு அது தோன்றியது. இரண்டு வில்லைகள் சேர்ந்து வந்தால் அவற்றை மறுபடி உள்ளே போட வேண்டியதில்லை. அந்த இரண்டை மட்டும் தனியே குலுக்கி, எது முதல், எது இரண்டாவது என்று பார்த்தால் போதும். அதிலும் பாரபட்சம் கிடையாது. அப்படிச் செய்திருந்தால் உங்கள் குடியிருப்பு முதலாவதாகவோ இரண்டாவதாகவோ வந்திருக்கும். இத்தனை வருடம் இதைப் படித்தவனுக்கு அந்த அறையில் இது தோன்றவில்லை. பட்டியல் அப்போது இன்னும் மேலிடத்துக்குப் போகவில்லை. போன் செய்திருக்கலாம். செய்தால் குலுக்கலை ஆய்வாளரே மாற்றினார் என்று பேச்சு வரும், நடந்தது நடந்ததாகவே இருக்கட்டும் என்று எனக்கு நானே காரணங்கள் சொல்லிக்கொண்டேன். ஃபெர்ரி வந்தது, ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு நீங்கள் மற்ற குடியிருப்புகளுக்கெல்லாம் நர்ஸை அழைத்துக்கொண்டு போனீர்கள். உங்கள் வீட்டு அடுப்படிக் கதவில் எட்டு ஊர்களின் பெயரும் மாதமும் எழுதிய தாள் ஒட்டியிருந்தது. ஒருமுறை நான் வந்தபோது உங்கள் மனைவி சரசு தேங்காய் ரொட்டியும் சம்பலும் வைத்தார். பரிமாறும்போது இரண்டு மூன்று தரம் பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். கேட்டேன். வெயில் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போய் ஒருமுறை காட்டிவிட்டு வந்தால் நல்லது என்றேன். நீங்களும் வீட்டில் தினமும் அதையே சொல்வதாகவும், போட்டில் ஏறினாலே தனக்குக் குமட்டும் என்றும் சொன்னார். பிறகு கதவில் இருந்த தாளைக் காட்டினார்.

"நம்ம நம்பர் வரும்ல சார். வீட்டுக்கே வருவாங்களாம். அப்ப பாத்துக்கலாம்."

நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. என் குரலுக்கு யாரும் எழுந்து போனதில்லை.

அவர் விழுந்த காலையில் நீங்கள் ஓடைக்கு அக்கரையில், இரண்டாம் எண் குடியிருப்பில், யாரோ ஒருவர் கையில் நர்ஸின் ரத்த அழுத்தக் கருவிப் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். செய்தி வந்து, டிங்கி திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இறப்புப் படிவத்தை வேறு யாரையாவது நிரப்பச் சொல்கிறேன் என்றேன். இது என் பகுதி, நானே எழுதுகிறேன் என்றீர்கள். வீட்டுச் சேவை தொடங்கியதா என்ற இடத்தில் 'முறை வரவில்லை' என்று எழுதியிருந்தீர்கள். எழுத்து எப்போதும்போல உருண்டையாக இருந்தது.

ஒரே ஒருமுறைதான் கேட்டீர்கள். மாயாபந்தர் ஜெட்டியில் டிங்கிக்கு டீசல் வருவதற்காகக் காத்திருந்தோம். என்னைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கேட்டீர்கள்.

"நம்ம ஊரு முன்னாடி வந்திருந்தா அவ இருந்திருப்பாளா சார்?"

என் வாழ்நாள் முழுவதும் இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் விடை தேடினேன். என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். "ஒரு ஆளைப் பத்திச் சொல்ல முடியாதுங்க. மொத்தமாத்தான் சொல்ல முடியும்."

"சரி சார்" என்றீர்கள். "மொத்தமா வரட்டும்." பிறகு கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கப் போனீர்கள். ஃபெர்ரி வரிசையில் எனக்குத் தோன்றியதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. நீங்கள் திரும்பி வந்தபோது டீசல் வந்துவிட்டதா என்று கேட்டேன்.

கடைசியில் உங்கள் குடியிருப்பின் முறை வந்தது. பட்டியல் முன்பே தயாரித்தது என்பதால் சரசுவின் பெயரும் அதில் இருந்தது. உங்கள் வாசலில் நர்ஸ் தாளைப் புரட்டி, பெயரைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாராம். நீங்கள், "அடுத்த வீட்டுக்குப் போலாம் சிஸ்டர், பெரியம்மா காத்துக்கிட்டு இருக்கும்" என்றீர்களாம். நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மொத்தமாகவும் வந்தது. வீட்டுக்குப் போவதால் பயன் இருக்கிறது என்று எழுதினோம். காத்திருந்தவர்கள் பக்கத்துக் கூட்டுத்தொகையில் சரசுவும் இருக்கிறார். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. முறை வரும் என்று நாம் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் குமட்டலைப் பொறுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாரோ? காத்திருக்கச் சொன்னதே சிலரைக் காக்கவைத்துவிட்டதோ? அப்படியானால் நாங்கள் கண்ட வித்தியாசத்தில் ஒரு பங்கு நாங்களே உண்டாக்கியது. இதை ஒரு பத்தி எழுதினேன். மெயின்லேண்டிலிருந்த பெரியவர்கள் குறைக்கச் சொன்னார்கள். ஒரு வரியாக்கினேன். அந்த வரியையும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஆய்வு முடிந்த மாதமே டிங்கிக்கான அனுமதியும் முடிந்து, நர்ஸ் வருவது நின்றது. ஓய்வு பெறும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். கோப்பு பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள்.

அதற்குப் பின் நான் வகுத்த எல்லா ஆய்வுகளிலும் ஒரு விதி சேர்த்தேன். குலுக்கலில் இரண்டு சேர்ந்து வந்தால் இரண்டையும் வெளியே வைத்து, அவற்றுக்குள் மட்டும் முன்பின் தீர்மானிக்க வேண்டும். என்ன கவனம் என்று பாராட்டினார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்த வில்லையை நீங்கள் ஏன் வைத்திருந்தீர்கள்? சரசுவின் நினைவாகவா? அல்லது உங்களுக்கும் என்றோ ஒருநாள் அந்தக் கணக்குப் புரிந்து, சொன்னால் இந்த மனுஷன் தாங்கமாட்டார் என்று விட்டுவிட்டீர்களா? எடை சரியாக வர மூன்று முறை தேய்த்தவருக்கு அது புரியாமலா இருந்திருக்கும்? ஒருவேளை புரியாமலும் இருந்திருக்கலாம். ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல முடியாது என்று உங்களிடம் சொன்னவன்தான் நான்.

இன்று காலை டின்னைத் திறந்தேன். ஏழும் கிடந்தன. எட்டாவதை மேலே பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அன்று திரும்பப் போடச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. இன்று போட முடியவில்லை. டின்னை மூடிவிட்டு வில்லையைச் சட்டைப் பையில், மூக்குக் கண்ணாடியோடு வைத்துக்கொண்டேன். இப்போது குனிந்து எழுதும்போதெல்லாம் அது கண்ணாடியில் தட்டுகிறது.