தேய்ப்புப்பெட்டிக்குத் தப்பிய கார்டுகள்

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

நலமா என்று கேட்டால் நீங்கள் அங்கிருந்தே சிரிப்பீர்கள். நான் நலம்தான். முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. மகள் பெங்களூரிலிருந்து தினமும் போன் போட்டு, மாத்திரை தின்றாயா என்று மிரட்டுகிறாள். வடக்குப் பக்கத்துப் பலா இந்த வருசம் தூரிலேயே காய்த்துத் தொங்குகிறது, தின்னத்தான் ஆள் இல்லை. மற்ற ஊர் விசேஷம் எல்லாம் பிறகு எழுதுகிறேன். இன்றைக்கு உட்கார்ந்தது அந்தச் சவத்துக் கார்டுகளைப் பற்றிச் சொல்ல.

சவம் என்றுதான் சொல்வேன். நீங்கள் இருக்கும்போதும் அப்படித்தானே சொன்னேன்? பூதப்பாண்டியில் மற்ற ஆண்கள் ரிட்டையர் ஆனால் வயலைப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். நீங்கள் என்னவென்றால், வங்கிகள் கொடுத்துவிட்டுப் பிறகு வேண்டாமென்று நிறுத்திய ப்ரீபெய்டு கார்டுகளைப் பொறுக்கிக்கொண்டு திரிந்தீர்கள். முன்கூட்டியே பணம் ஏற்றித் தருவார்கள், செலவழிந்தால் அதோடு சரி, சாப்பிட்டு முடித்த இலை மாதிரி. அதை ஆல்பத்தில் செருகி பீரோவில் வைத்துப் பூட்டிய மனுசன் நாஞ்சில் நாட்டிலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

அந்த வங்கிகள் மீதும் எனக்கு மதிப்பு ஒன்றும் கிடையாது. தாமரையும் மயிலும் அச்சடித்து, தங்க நிறத்தில் ஒரு சிப்பையும் வைத்து, இனிமேல் யாருக்கும் கையில் ரூபாயே தேவையில்லை என்று என்ன ஒரு பவுசு! அடுத்த தீபாவளிக்குள் திட்டம் செத்திருக்கும். சில சமயம் வங்கியே இன்னொரு வங்கிக்குள் போய் மறைந்திருக்கும். கவுண்டரில் போய்க் கேட்டால், அப்படி ஒரு கார்டே நாங்கள் போட்டதில்லையே என்று அங்கே இருக்கிற பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும். அவர்களே மறந்துபோனதை நீங்கள் எதற்கு ஞாபகம் வைத்திருக்க வேண்டும், அத்தான்? இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்தது, நீங்கள் ஒரு நாளாவது பதில் சொன்னீர்களா?

கன்னியாகுமரி லாட்ஜுகளில் வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டுப் போகிற பயணக் கார்டுகளுக்காக ரூம்பாய்களிடம் சொல்லி வைத்தீர்கள். குளச்சலில், வளைகுடாவிலிருந்து திரும்பினவர்களின் வீட்டு வாசலில் போய் நின்றீர்கள். அங்கே கம்பெனிக்காரர்கள் சம்பளத்தைக் கார்டில் ஏற்றித்தான் கொடுப்பார்களாம். ஒரு தடவை மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்குப் போய்விட்டு வரும்போது என்னையும் அப்படி ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனீர்கள். அந்த வீட்டுக்காரர் அலமாரியைக் குடைந்து ஒரு கார்டை எடுத்துத் தந்துவிட்டு, "இதுல ஒண்ணும் கெடையாது அண்ணாச்சி, இத வச்சி என்ன செய்யப் போறிய?" என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று. நீங்களோ ஜன்னல் பக்கம் போய் அதில் இருந்த அவருடைய பெயரைச் சத்தமாக வாசித்து, அவரிடமே சரிதானா என்று கேட்டு, வேட்டி முனையில் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள். கூறுகெட்ட மனுசன் என்று பஸ் ஏறுகிறவரை ஏசிக்கொண்டே வந்தேன்.

ஆனால் உங்கள் சங்கத்துக்காரர்களைப் பார்த்த பிறகு, நீங்கள் எவ்வளவோ தேவலை என்று ஆகிவிட்டது.

நாகர்கோவிலில் மாசத்துக்கு ஒரு தடவை கூடுகிற அந்தச் சேகரிப்பாளர் சங்கத்தைத்தான் சொல்கிறேன். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை நாலு பேர் பார்க்க எழுதுகிறேன். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நெய்யூர் சார், தக்கலை சார், நீங்கள் பூதப்பாண்டி சார். கார்டுகளில் இரண்டு சாதி. யாருக்கும் கொடுக்காமல், பெயர் பதிக்காமல், வங்கி மேனேஜரின் மேசையிலேயே கிடந்தது சுத்தக் கார்டு. ஒரு மனுசன் வாங்கி, அவன் பெயரைப் பதித்து, அவன் பையில் கிடந்து தேய்ந்தது அழுக்குக் கார்டு. உங்களுடையது முக்கால்வாசியும் அழுக்கு. அதனால் கண்காட்சியில் உங்களுக்கு எப்போதும் தண்ணீர்க் கேன் பக்கத்து மேசை. வீட்டுக்கு வந்து, "அவங்களுக்கு வேற ருசி, செண்பகம்" என்று சொல்லிவிட்டுச் சோற்றுக்கு உட்காருவீர்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நீங்கள் போன அன்று அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில், பூதப்பாண்டி சார் மறைவு என்று ஒருவர் போட்டார். வரிசையாகக் கும்பிட்ட கைகள். அதற்குக் கீழேயே ஒருவர் மயில் போட்ட கார்டு யாரிடமாவது இரண்டு இருக்கிறதா என்று கேட்டிருந்தார்.

பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்த பிறகு அவர்களுடைய தலைவர் வந்தார். கைகளில் வெள்ளைக் கையுறை, சட்டைப் பையில் பூதக்கண்ணாடி, வாய் நிறைய வருத்தம். சாருடைய சேகரிப்பை வருடாந்தரக் கண்காட்சியில் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைப்போம், மேலே சாருடைய பெயரைப் போடுவோம், ஆல்பத்தை மட்டும் சங்கத்துக்குத் தந்தால் போதும் என்றார். நான் சரி என்றேன். பீரோ காலியாகும் என்று மகளிடம் போனில் காரணம் சொன்னேன், அது பொய். தண்ணீர்க் கேன் பக்கத்தில் கிடந்த மனுசனின் பெயரை நடுக்கூடத்தில் நாலு பேர் நின்று வாசிக்க வேண்டும். அதுதான் என் ஆசை.

ஆல்பத்தை எடுத்து வைத்தேன். கையுறை போட்ட கையால் தலைவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். சாக்கடையில் எதையோ தேடுகிறவர் மாதிரி முகத்தைச் சுளித்தபடி புரட்டினார். பிறகு திடீரென்று நிமிர்ந்து, "அம்மா, தேய்ப்புப்பெட்டி உண்டுமா?" என்று கேட்டார். சட்டை கசங்கியிருக்கிறது போல, போகிற இடத்தில் கௌரவமாக இருக்க வேண்டாமா என்று நினைத்து எடுத்துக் கொடுத்துவிட்டு, சாயா போட அடுக்களைக்குப் போனேன்.

பால் பொங்குகிற நேரத்தில் ஒரு நாற்றம். பிளாஸ்டிக் சூடாகிற நாற்றம். ஓடி வந்து பார்த்தால், மேசையில் கைக்குட்டையை விரித்து, அதன் மேல் பெட்டியை வைத்து, மாவு தேய்க்கிற மாதிரி பைய அழுத்திக்கொண்டிருக்கிறார். கைக்குட்டையை எடுத்தார். உள்ளே ஒரு கார்டு. அது எது தெரியுமா? ஆல்பத்தின் முதல் பையில் இருந்தது. ரப்பர் கம்பெனியில் நீங்கள் கிளார்க்காக இருந்தபோது, ஒரு வருசம் போனஸை ஏற்றிக் கொடுத்தார்களே, அந்தக் கார்டு. அதில்தான் எனக்கு மிக்ஸி வாங்கினீர்கள். இங்கிலீஷ் எழுத்தில் உங்கள் பெயர் புடைத்து நிற்கும், விரல் வைத்தால் தட்டுப்படும். அந்தக் கார்டிலிருந்துதான் உங்களுக்கு இந்தக் கிறுக்கே ஆரம்பித்தது.

தலைவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இப்பம் பாருங்கோ, சுத்தமாயிட்டு" என்றார். இந்த வகைக் கார்டில் சுத்தமானது இதுவரைக்கும் யாரிடமும் கிடையாதாம். எழுத்து இளகுகிற பக்குவம் எல்லாருக்கும் கைவராதாம், அது அவருக்கே உள்ள கைப்பக்குவமாம். மற்றதையும் ஒவ்வொன்றாகச் செய்துவிடலாம், நீங்கள் கவலைப்படாதீர்கள் என்றார். எனக்கு உபகாரம் செய்கிற முகம் அவருக்கு.

நான் வாங்கித் தடவிப் பார்த்தேன். தகடு மாதிரி வழவழவென்று இருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை.

"அதுல இருந்த பேரு என்னன்னு சொல்லும்" என்றேன்.

அவர் விழித்தார். "நம்ம பூதப்பாண்டி சாருக்க கார்டுதானே அம்மா…"

"அது ஊரு. பேரச் சொல்லும்."

அவருக்குத் தெரியவில்லை, அத்தான். ஒரே கூட்டத்தில் எத்தனையோ வருசம் உட்கார்ந்தவர், ஒரு நிமிசத்துக்கு முன்னால் அந்த எழுத்துகள் மேலேயே பெட்டியை வைத்தவர். அழிக்கிற பெயரை வாசித்துப் பார்க்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கண்ணாடிப் பெட்டியின் மேல் எதைப் போட்டிருப்பார்கள்? பூதப்பாண்டி சார் என்றுதான் போட்டிருப்பார்கள்.

நான் உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். கலியாணம் ஆன நாளிலிருந்து சொன்னதில்லை. ஆஸ்பத்திரியிலும் ரேஷன் கடையிலும் வீட்டுக்காரர் பெயர் கேட்டால் மகளைப் பார்ப்பேன், அவள் சொல்வாள். அன்றைக்கு மகள் பக்கத்தில் இல்லை.

"சிவதாணு" என்றேன். "எங்க வீட்டுல உள்ளவுங்க பேரு சிவதாணு."

சொன்ன கையோடு அந்தக் கார்டை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று ஏதோ இழுத்தார். "ஆல்பத்த அங்கன வையும். சாயாவக் குடிச்சிட்டு எறங்கும்" என்றேன். அந்த வெட்கக்கேட்டிலும் சாயாவை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் போனார். இப்போது சங்கத்தில், பூதப்பாண்டி சார் வீட்டம்மாவுக்குத் துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று பேச்சாம். பேசட்டும். பெயரில்லாத பிளாஸ்டிக்கை வைத்துக்கொண்டு பெருமை அடிக்கிற வெறுவாக்கெட்ட கூட்டத்திடம் நான் நல்ல பெயர் வாங்கி என்ன செய்ய?

எனக்கு இந்தக் கார்டுகள் மீது ஆசை வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைக்கும் சவம்தான். ஆனால் இந்த வீட்டை விட்டு ஒன்றும் போகாது, இது நான் தருகிற வாக்கு. மாசம் ஒரு நாள் ஆல்பத்தை எடுத்து, உங்களை ஏசிக்கொண்டே உலர்ந்த துணியால் துடைப்பேன். குளச்சல்காரர் பெயர், லாட்ஜில் விட்டுப்போன வெள்ளைக்காரர்களின் வாயில் நுழையாத பெயர், எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டி வாய்விட்டு வாசிப்பேன். முதல் பையில் இருக்கிற அந்த மொட்டைக் கார்டில் மட்டும் வாசிக்க ஒன்றும் இருக்காது. அந்தப் பெயரை நான் பார்க்காமலே சொல்வேன், அத்தான்.

உங்கள் மாமா மகள்,
சிவதாணு பெண்டாட்டி,
செண்பகம்