இடியும் சேவலும் உள்ள பெட்டி

வெள்ளவத்தை
07.04.2025

அன்புள்ள கிளைவ்,

சுகம் விசாரித்துத்தான் தொடங்க நினைத்தேன், கை வரவில்லை. என் போன் பொலிஸில் இருக்கிறது. அதனால் காகிதத்தில் எழுதி, மர்ஸூக்கின் த்ரீவீலரில் கொடுத்து விடுகிறேன்.

நேற்று நடந்ததை நீ யார் வாயால் கேட்டாயோ தெரியாது. பெரிய வெள்ளிக்கு உங்கள் கோயிலில் போடும் திருப்பாடுகளின் காட்சிக்கென்று நீ கேட்ட பெட்டியைத்தான் கொண்டு வந்தேன். விளையாட்டு வாளுக்குள் வைக்கிற சின்னச் சவுண்ட் போர்ட் அது. வாள் சத்தத்தை அழித்துவிட்டு, சேவல் கூவலையும் இடியையும் ஏற்றி, ஸ்பீக்கர் வயரிலிருந்து எல்.ஈ.டி. பட்டிக்குத் தனி வழி எடுத்திருந்தேன். சேவல் கூவினால் வெளிச்சம் மெல்லச் சிவந்து விடியும். இடி இடித்தால் அதன் பலத்துக்கு மின்னும். செய்து முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

வாசலில் பையைத் திறக்கச் சொன்னார்கள். வயரையும் பற்றரியையும் கண்டதும் காவலுக்கு நின்றவரின் முகம் மாறிவிட்டது. பயப்பட ஒன்றும் இல்லை என்று காட்டுவதற்காக நான் இடிப் பொத்தானை அமத்தினேன். கொட்டாஞ்சேனையில், பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரத்தில்! பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு அம்மா படியில் விழுந்துவிட்டார். என் மூளையை எங்கே கழற்றி வைத்தேனோ.

பொலிஸில் யார் கேட்ட பெட்டி என்றார்கள். உன் நம்பரைக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டுத்தான் உன்னோடு கதைத்தார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். அப்படி ஒருவரைத் தெரியாது, எதுவும் கேட்கவில்லை என்று சிங்களத்தில் தெளிவாகச் சொன்னாய்.

பயத்தில் வாய் தடுமாறியிருப்பாய் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, பெட்டியைக் கேட்டவரைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் வழக்குப் போடுவார்களாம். வழக்கென்றால் இரத்மலானை விமானத் தளத்துக்குள் போகிற பாஸ் போகும், பாஸ் போனால் என் வேலையும் போகும். நீ வந்து ஒரு சொல் சொன்னால் போதும்.

உன்,
பிரியந்தன்

*

கொட்டாஞ்சேனை
09.04.2025

மச்சான் பிரியந்தன்,

ஆண்டவர் கிருபையால் நீயும் மனுசி ரூபிகாவும் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதம் கண்ட நேரம் தொட்டுச் சோறு இறங்கவில்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

போன் வந்தபோது சாப்பாட்டு மேசையில் இருந்தோம். பொலிஸ் என்றதும் றோஸி என் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். 2019இல் ஈஸ்டர் அன்று கோயிலில் குண்டு வெடித்தபோது அவளுடைய தங்கச்சியைத் தேடி எங்கெல்லாம் அலைந்தோம் என்று உனக்குத் தெரியும், நீயும் எங்களோடு அலைந்தவன்தானே. பொலிஸ், பெட்டி, கோயில் என்று ஒன்றாகக் கேட்டாலே அவள் எழும்பிக் கதவைப் பூட்டுகிறாள். நானும் துறைமுகத்தில் வேலை செய்கிறவன், எனக்கும் ஒரு பாஸ் இருக்கிறது. பாதரும் கோயில் பெயரை இழுக்காமல் பார்க்கச் சொன்னார். எல்லாப் பக்கத்தாலும் நெரிக்கிறார்கள் மச்சான்.

வெள்ளிக்கிழமை லீவு எடுக்கப் பார்க்கிறேன். உறுதியாகச் சொல்ல ஏலாது.

இன்னொன்று, கோவிக்காதே. நீ முன்பு தந்த மற்றப் போர்டை நீ கீறித் தந்த வயர் படத்தைப் பார்த்து நானே சோல்டர் பண்ணினேன். சேவலும் இடியும் வருகின்றன. ஆனால் இடி முடிந்த பிறகும் வெளிச்சம் அணையுதில்லை. குருத்து ஞாயிறு ஒத்திகை இருக்கிறது. என்ன செய்யலாம்?

அன்புடன்,
கிளைவ்

*

வெள்ளவத்தை
11.04.2025

கிளைவ்,

பொலிஸ் வாசல் பக்கம் ஒவ்வொரு த்ரீவீலர் நிற்கும்போதும் ரூபிகா எழும்பி எழும்பிப் பார்த்தாள். நீ வரவில்லை. வருஷப் பிறப்பு லீவு வருவதால் புதன்கிழமை வரை தவணை தந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு இல்லையாம்.

2019இல் ஆஸ்பத்திரி வாசலில் உறவுக்காரரை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். நெற்றியில் திருநீற்றோடு நின்ற என்னை யார் என்று கேட்டார்கள். "இவன் என்ர சொந்தச் சகோதரன்" என்று நீ சொன்னாய். அன்றைக்கும் அந்த இடம் முழுக்கப் பொலிஸ்தான். உனக்கு அப்போது பயம் வரவில்லை. எனக்காகப் பயப்படாமல் நின்ற ஆள், இப்போது எனக்குப் பயந்து நிற்கிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் போர்டில் டிரான்சிஸ்டரின் முதல் காலிலிருந்து நெகட்டிவுக்கு ஒரு ரெசிஸ்டர் வைக்க வேண்டும், பத்து கே. நீ அதை விட்டுவிட்டாய். அது இல்லாவிட்டால் சத்தம் நின்ற பிறகும் வெளிச்சம் பிடித்துக்கொண்டே நிற்கும்.

பிரியந்தன்

*

கொட்டாஞ்சேனை
17.04.2025

என் பிரியந்தன்,

நேற்று நீ வந்து சேர முன்னம் நான் பொலிஸுக்குப் போய் வந்துவிட்டேன். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் விடியவே போனேன்.

குருத்து ஞாயிறு ஒத்திகையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மூன்றாம் தரமும் மறுதலிக்கிறார், நான் பொத்தானை அமத்துகிறேன். சேவல் கூவியது. மேடையின் பின் திரைச்சீலை நீ செய்த மாதிரியே மெல்லச் சிவந்தது. பேதுருவாக நடித்தவன் சொல்லிக் கொடுத்தபடி அழுதான். எனக்கு மேடையைப் பார்க்க ஏலாமல் போயிற்று. றோஸி கடைசி வாங்குப் பலகையில் இருந்தாள். வீட்டுக்கு வந்து எனக்குத் தேத்தண்ணி வைத்தாள். பிறகு, "நான்தான் உங்கட கையைப் பிடிச்சனான். இப்ப விடுறன், போங்கோ" என்றாள்.

போர்டை அந்த மேசையில் வைத்து, இது சத்தம் போடும் என்று முதலே சொல்லிவிட்டு அமத்திக் காட்டினேன். நான் கேட்டுத்தான் நீ செய்தாய், நீ என் சிநேகிதன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்படியென்றால் அன்றைக்கு ஏன் தெரியாது என்றீர் என்று கேட்டார்கள். பயத்தில் என்று எழுதினேன்.

வழக்கு இல்லையாம். போனையும் பெட்டியையும் உன்னிடமே தருவார்களாம். நாளைக்கு வா, மச்சான். போர்டுக்குப் பக்கத்தில் உனக்கு ஒரு கதிரை போட்டு வைப்பேன்.

கிளைவ்

*

வெள்ளவத்தை
19.04.2025

கிளைவ்,

போன் வந்துவிட்டது, பாஸுக்கும் பிசகில்லை. றோஸிக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல். அவளுக்கு அது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும்.

நேற்று வந்தேன். வாசலில் அதே காவல்காரர்தான். வெறும் கையை விரித்துக் காட்டினேன், சிரித்துக்கொண்டு விட்டார். நீ போட்ட கதிரையைக் கண்டேன். அதில் வந்து இருக்க மனம் இடம் தரவில்லை, பின்னால் சனத்தோடு நின்றேன். விடியல் கொஞ்சம் அவசரப்படுகிறது. இடி நன்றாக இருந்தது, சத்தத்தோடு வெளிச்சமும் அணைந்தது. ரெசிஸ்டர் வைத்திருக்கிறாய்.

உன்னோடு கதைக்கச் சொல்லி ரூபிகா நச்சரிக்கிறாள். போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நீ போனாய், கையெழுத்தும் போட்டாய். அதை மறக்க மாட்டேன். ஆனால் அந்த ஸ்பீக்கரில் வந்த உன் குரல் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. அது போகும்வரை அழைக்காதே. போனால் நானே அழைப்பேன்.

பொலிஸ் தந்த பெட்டியை மர்ஸூக்கிடம் கொடுத்து விடுகிறேன். இனி அது உன்னுடையது. அடுத்த பெரிய வெள்ளிக்கு அதைத் தூக்கிக்கொண்டு வாசலால் வருகிற ஆள் நீயாக இரு.

பிரியந்தன்