டிரைவர் முகம் தெரிகிறவரை நில்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நலமில்லை என்று எழுதினால் தூங்கமாட்டாய், ஆகையால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் எழுதுகிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அங்கே குளிர் குறைந்ததா. தம்பி பரவாயில்லாமல் படிக்கிறான். சமையல் நான்தான், உப்புப் போட மறந்தாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிறான், அதுதான் கஷ்டமாக இருக்கிறது, அம்மா இருந்தபோது என்ன பேச்சுப் பேசுவான். நீ சைக்கிள் வாங்கின விஷயம் சித்தி சொன்னாள். அப்பாவிடம் சொல்லாதே என்று நீ சொன்னாயாம், அதையும் சேர்த்தே சொன்னாள், உன் சித்தி வாயில் எது தங்கியிருக்கிறது. அவளைத் திட்டாதே. போனில் இதைப் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுவேன், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

விற்றுவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அம்மா போய் ஒரு வருஷம்கூடத் திரும்பவில்லை, அதற்குள் சைக்கிளைத் தொட உனக்கு எப்படி மனசு வந்தது என்று கோபம் வந்தது. சித்திதான், ரொட்டிக் கடையில விடியறதுக்கு முன்னாடி வேலைக்கு நிக்கணும் அத்தான், அந்த நேரத்துக்கு அங்க பஸ் கிடையாதாம், அவ என்ன பண்ணுவா என்று கேட்டாள். பஸ் டிரைவராக ஊரையெல்லாம் ஏற்றி இறக்குகிறவன் பெற்ற பிள்ளைக்கு ஏறிப்போக ஒரு பஸ் இல்லை.

சரி, ஓட்டு. ஹெல்மெட் வாரைத் தொளதொளவென்று விடாமல் தாடையோடு இறுக்கிக்கொள், முன்விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிகிறதா என்று பார்த்துவிட்டு ஏறு, பிரேக்கை வாசலிலேயே பிடித்துப் பார், நடுரோட்டில் அல்ல. நிற்கிற கார்களை ஒட்டிப் போகாதே, எவனாவது திரும்பிப் பார்க்காமல் கதவைத் திறப்பான். சால்வையைத் தொங்கவிடாதே. இதெல்லாம் யாரும் சொல்வதுதான். நான் சொல்வது டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சொல்வது. பெரிய வண்டி திரும்பும்போது அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால், மேலே உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு சைக்கிளில் வருகிற நீங்கள் கிடையவே கிடையாது. கண்ணாடியில் டிரைவர் முகம் உனக்குத் தெரியாவிட்டால் அவருக்கும் நீ தெரியமாட்டாய். அம்மாவுக்கு இது நன்றாகத் தெரியும். சிக்னலில் என் பஸ் நின்றால் சைக்கிளோடு முன்னால் வந்து நின்று பெல்லடிப்பாள், பாத்துக்கிட்டீங்களா, இப்ப நான் போகலாமா என்று கேலியாகக் கேட்பாள், பஸ்ஸே சிரிக்கும். அன்றைக்கு ஆஸ்பத்திரி லாண்டரி வேலைக்கு நேரமாகிவிட்டது என்று, திரும்பப்போகிற லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவில் நுழைந்துவிட்டாள். ஒரு நிமிஷம் பொறுத்திருக்கலாம். அந்த லாரி டிரைவர் கோர்ட்டில் என் முகத்தைப் பார்த்து, தெரியலைங்க, சத்தியமா தெரியலைங்க என்றான். அவன் சொன்னது பொய் இல்லை என்று எனக்குத் தெரியும் பாப்பா, அதுதான் தாங்க முடியவில்லை. மனசாரத் திட்டுவதற்குக்கூட எனக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

மறுபடி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். திருப்பத்தில் பக்கத்தில் சைக்கிள் எதுவும் இல்லை என்று மனசுக்குத் திருப்தி ஆகும்வரை வண்டியை எடுப்பதில்லை. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். கண்டக்டர் தம்பி, அண்ணே பச்சை விழுந்து எவ்வளவு நேரமாச்சு என்று வந்து நிற்பார், அப்புறம் அவரே திரும்பிப் போய்விடுவார். நேற்று ஒரு பெண், உன் வயசுதான் இருக்கும், சைக்கிளில் பஸ்ஸை ஒட்டி வந்தவள் சட்டென்று பின்னுக்குப் போய், கண்ணாடியில் என்னைத் தேடிப் பார்த்துக் கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன். யார் பெற்ற பிள்ளையோ, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும், அம்மாவுடைய ஆசீர்வாதமும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். தம்பிக்குத் தனியாக நாலு வரி எழுது, உன்னிடமாவது பேசுகிறானா பார்ப்போம். உனக்கு நேரமானால் ஆகட்டும், முதலாளி கத்தினால் கத்தட்டும், பெரிய வண்டிக்குப் பக்கத்தில் மட்டும் நுழையாதே. இன்னொருத்தன் என் எதிரில் நின்று தெரியலைங்க என்று சொன்னால், அதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா