ரெண்டு பேரில் ஒருத்தர்

ஜூன் 23, வெள்ளி. சத்வா

விடியும்போதே புழுக்கம். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. பை கட்டியாச்சு. தண்ணீர் கேன், பிரெட், ஃப்ளாஸ்க், இவருக்கு பிரஷர் மாத்திரை, பாஸ்போர்ட் ரெண்டும். கிளினிக்கில் செவ்வாய் வரை லீவு. அதற்கு மேல் கிடையாது என்று மேட்ரன்.

நேற்று ஓமானில் சலாலாவிலிருந்து போன். படகு முதலாளியிடம் சூப்பர்வைசராக இருக்கும் மலையாளி, பாபு. என் தம்பி ரூபனும் கூட வேலை பார்க்கும் கிளீட்டஸும் போன சின்னப் படகு கவிழ்ந்துவிட்டதாம். ஒரு உடல் கரை ஒதுங்கியிருக்கிறது. இன்னொருவரைக் காணோம். ஒதுங்கியது யார் என்று முகம் பார்த்துச் சொல்ல முடியவில்லை, சொந்தக்காரர் யாராவது வரணும் என்றார். ரெண்டு பேரும் எங்கள் தெரு. ஒரே வயது, ஒரே வாகு. இந்தப் பக்கம் சொந்தம் என்று நான் மட்டும்தான்.

என் வீட்டுக்காரர் சகாயம் வேலை சைட்டுக்குப் போன் பண்ணிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார்.

மாலை, ஹைமா

பார்டரில் நெடுநேரம். இப்ரி தாண்டியதும் மலை முடிந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. மணல்கூட இல்லை, வெறும் சரளைத் தரை. மேடு இல்லை, மரம் இல்லை, நிழல் இல்லை. ஏ.சி.யில் அனல் காற்று. டயர் வெடித்துக் கிடந்த லாரி ஒன்று. ரோட்டில் ஒட்டகங்கள், ஹாரனுக்கு அசையவில்லை. இவர் கண் அசராமலிருக்க நான் பேசிக்கொண்டே வரணும். ரோட்டு போர்டுகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தேன்.

பெட்ரோல் பம்பில் நிற்கும்போது ஊரிலிருந்து போன். மெர்சி, கிளீட்டஸ் மனைவி. எங்கே வந்திருக்கிறோம், எப்போது போய்ச் சேருவோம் என்று மட்டும் கேட்டாள்.

அதற்கப்புறம் ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். என்ன கேட்பது? ரூபனாக இருக்கக் கூடாது என்றால் கிளீட்டஸாக இருக்கட்டும் என்றுதானே அர்த்தம். அங்கே அவளும் ஜெபமாலையோடு முழங்காலில் இருப்பாள். இவரிடம் சொன்னேன். ரோட்டைப் பார்த்தபடியே, "ஒண்ணும் கேக்காத. சும்மா கையில பிடிச்சிட்டு வா" என்றார்.

இங்கே ஒரு ரெஸ்ட் ஹவுஸ். கீழே மலையாளி ஹோட்டல். பரோட்டா இறங்கவில்லை.

ஜூன் 24, சனி. சலாலா

தும்ரைத் வரை அதே வெறுந்தரை. மலை இறக்கத்தில் திடீரென்று பனிமூட்டம், தூறல், புல். இங்கே இது மழைக்காலம். இவர் லைட் போட்டு மெதுவாக இறக்கினார். வழியெல்லாம் குடும்பம் குடும்பமாக பாய் விரித்து, மழையில் நனைந்து சிரித்துக்கொண்டு.

ஆஸ்பத்திரி வாசலில் பாபு. அவரே அழுதிருந்தார்.

மார்ச்சுவரி ஆளிடம் முகம் வேண்டாம், இடது காலைக் காட்டுங்கள் என்றேன். நர்ஸ் வேலையில் எத்தனையோ உடலைத் துணி சுற்றிக் கட்டியவள் நான். கால் பக்கத் துணியை அந்த ஆளையே விலக்கச் சொன்னேன். ரூபனுக்குப் பிறவியிலேயே ரெண்டாவது விரலும் மூணாவது விரலும் ஒட்டியிருக்கும். அம்மா அதைச் சொல்லியே கொஞ்சுவாள். போனில் பாபுவிடம் இதைக் கேட்கத் துணியவில்லை.

ஒட்டியிருந்தது.

காலைப் பிடித்துக்கொண்டே நின்றேன். ஐஸ். இவர் வந்து கையை விடுவித்தார்.

அம்மாவுக்குச் சொல்லும் முன் மெர்சிக்குப் போன் பண்ணினேன். அவள்தான் அம்மா பக்கத்தில் இருக்கிறாள். "மெர்சி, அது ரூபன்" என்றேன். அந்தப் பக்கம் ஒரு மூச்சு விட்டாள். தெளிவாகக் கேட்டது. கோபம் வரவில்லை. நானும் அப்படித்தான் விட்டிருப்பேன். அப்புறம்தான் அழுதாள், எனக்காக.

ஜூன் 25, ஞாயிறு

போலீஸ், ஆஸ்பத்திரி, மறுபடி போலீஸ். எம்பசி பேப்பர் மஸ்கட் போய் வரணுமாம். உடலை பாபு ஃபிளைட்டில் ஏற்றிவிடுவார். நான் கூடப் போக லீவு இல்லை. வேலையை விட்டால் ஊரில் எரிகிற அடுப்பும் அணையும்.

கிளீட்டஸை யார் தேடுகிறார்கள் என்று கேட்டேன். கடல் இப்படிக் கொந்தளிக்கும்போது படகு இறக்க முடியாது, கரையோரம் பார்க்கிறார்கள் என்றார் பாபு.

அப்போ நானும் பார்க்கிறேன் என்றேன். உடனே திரும்பலாம் என்று சொல்ல வந்த சகாயம் செருப்பைக் கழற்றி வண்டியில் வைத்தார்.

ஜூன் 26, திங்கள்

காலையிலிருந்து கரையில். சலீம் என்று ஒரு வயசான ஓமானி மீன்காரர் கூட வந்தார். பாறை பாறையாக ஏறிப் பார்த்தார். ஹிந்தியும் அரபியும் கலந்து பேசினார். அலை ஆள் உயரத்துக்கு மேல். வலைத் துண்டு, மிதவை, ஒரு பிளாஸ்டிக் கேன். படகுப் பலகை ஒன்று கிடைத்தது, வேறு படகினுடையது என்றார். மத்தியானத்துக்கு மேல் என் முகத்தைப் பார்க்காமல் "மாஃபி" என்றார். இல்லை என்று.

மெர்சிக்கு மறைக்காமல் சொன்னேன். நீரோட்டம் வெளிக்கடலுக்குப் போகிறது, இனி கிடைப்பது கஷ்டம் என்று.

"நீங்களே நடந்து பாத்தீங்களா அக்கா?"

"பாத்தேன். ரெண்டு நாளும் பாத்தேன்."

அப்புறம் சொன்னாள். "ரூபன் வரும்போது திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு நான் போறேன். உங்க வீட்டுல வேற யாரு இருக்கா."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சரி என்றேன்.

ஜூன் 27, செவ்வாய்

விடிந்ததும் கிளம்பல். தும்ரைத் தாண்டியாச்சு. வெயில். மறுபடி வெறுந்தரை. பேனா குலுங்குகிறது. மெர்சி போன் பண்ணினாள், பெட்டிக்கு மேல் விரிக்க வெள்ளைத் துணி வாங்கிவிட்டாளாம். அளவு கேட்டாள். சொன்னேன்.