பேட்டர்ன் இல்லாத ரஜாய்

ஆம்பூர்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஹுமேராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் கத்திக்கொள்கிறோம் என்பதால் எழுதுகிறேன். எல்லாக் கோணங்களிலும் ஆராய்ந்து, தகுந்தவர்களைக் கலந்து, நமது ஆறடி அகலக் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்துவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். வரைபடம் இணைத்துள்ளேன். நகர்த்தினால் பீரோக் கதவு பாதிதான் திறக்கும். இதற்காக ஒருவர் பேரணாம்பட்டில் அக்கா வீட்டில் போய் உட்கார வேண்டியதில்லை. திரும்பி வரும் தேதியைத் தெரிவிக்கவும்.

உன்,
வாஹித் பாஷா

பேரணாம்பட்டு
11 ஆகஸ்ட்

பேட்டர்ன் மாஸ்டர் அவர்களுக்கு, சலாம்.

வரைபடம் கிடைத்தது. நூல் சுற்றி வைக்க உதவியது. ஷூ கம்பெனியில் பேட்டர்ன் போடுகிறீர்கள், சரி. வீட்டிலும் எந்தக் கொக்கியில் எந்தக் கரண்டி என்று படம் வரைந்து ஒட்டினீர்கள். கட்டில் வெறும் சாக்கு. அந்தப் படங்களுக்குள் இனி என்னால் குடியிருக்க முடியுமா என்று தெரியவில்லை.

இங்கே போர்த்திக்கொள்ள ஒரு ரஜாய் தைக்கிறேன். குடியாத்தம் லுங்கித் துண்டு, அக்காவின் பழைய துப்பட்டா, கிடைத்தது எல்லாம். அளவு கிடையாது, படம் கிடையாது. ஒரு துண்டைத் தைத்ததும் அது அடுத்த துண்டைக் கேட்கிறது. “இன்னாடி இது, ஒரு பக்கம் ஏறுது, ஒரு பக்கம் எறங்குது?” என்கிறார் அக்கா. “அது போற வழி ஆபா” என்றேன். முடிந்ததும் எங்கே போவேன் என்பதை அது இன்னும் சொல்லவில்லை.

சிவப்பில் மெல்லிய தோல் இருந்தால் பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள். மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

ஹுமேரா

ஆம்பூர்
20 ஆகஸ்ட்

அன்புள்ள ஹுமேராவுக்கு,

சிவப்பு லைனிங் தோல் அனுப்பியிருக்கிறேன். உனக்கு வேலை மிச்சமாகட்டும் என்று ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டியிருக்கிறேன். மாடாக இருந்த காலத்தில் உண்ணி கடித்த தழும்புள்ள துண்டு ஒன்று தவறி வந்துவிட்டது. அதைத் தூக்கிப் போடு. முடிவில் அகலம் எவ்வளவு வரும்? தோராயமாகவாவது சொல். மாத்திரை சாப்பிடுகிறேன்.

வாஹித் பாஷா

பேரணாம்பட்டு
27 ஆகஸ்ட்

மாஸ்டருக்கு,

சதுரங்களை எல்லாம் கோணலாக வெட்டிவிட்டேன். மன்னிக்கவும் என்று எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. தழும்புத் துண்டு நடுவில் இருக்கிறது. அகலம் தெரியாது.

ஹுமேரா

ஆம்பூர்
9 செப்டம்பர்

அன்புள்ள ஹுமேராவுக்கு,

நேற்று கம்பெனிக்குத் தோல் பார்க்கப் பேரணாம்பட்டு வந்தேன். ஆபா வீட்டு மாடிக் கொடியில் உன் ரஜாய் தொங்கியது. தோல் வைத்துத் தைத்ததை வெயிலில் போடக் கூடாது, விறைத்துவிடும். இதைச் சொல்லத்தான் தெருவில் நின்றேன். வெகுநேரம் ஆகிவிட்டது போலிருக்கிறது. “இன்னா பாய், வீடு பாக்க வந்தீங்களா?” என்று டீக்கடைக்காரரே கேட்டுவிட்டார்.

லுங்கித் துண்டுகளின் நீலம் கீழிருந்து ஏறி வந்து, அந்தத் தழும்புக்குப் பக்கத்தில் நின்றுவிடுகிறது. ஏன் அங்கே நின்றது என்று எனக்கு வரைந்து காட்டத் தெரியாது. வேறெங்கும் நின்றிருக்க முடியாது என்பது மட்டும் தெரிகிறது. அப்படிப்பட்ட தழும்பைக் கண்டால் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுத் தள்ளுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்திருக்கிறேன்.

முழுத் தோல் ஒன்று அனுப்புகிறேன். வெட்டவில்லை.

வாஹித்

பேரணாம்பட்டு
18 செப்டம்பர்

அன்புள்ள உங்களுக்கு,

நிழலில்தான் போட்டேன். வெயில் நகர்ந்து வந்துவிட்டது. நீங்கள் நின்றதை நானும் பார்த்தேன். கூப்பிட்டால் அளக்க ஆரம்பிப்பீர்கள் என்று கூப்பிடவில்லை.

முழுத் தோலின் ஓரத்தில் கொஞ்சம்தான் எடுத்தேன். அத்தோடு போதும் என்று ரஜாய் சொல்லிவிட்டது. ஆபா அளந்து பார்த்து, “ஜாஸ்தி ஆய்டுச்சேடி” என்றார். அகலம் ஆறடி. நான் இங்கே படுக்கும் கட்டில் மூன்றடி.

ஹுமேரா

ஆம்பூர்
23 செப்டம்பர்

அன்புள்ள ஹுமேராவுக்கு,

ஞாயிறு காலை ஆட்டோவோடு வருகிறேன். ரஜாயை மடிக்காதே, சுருட்டி வை. தோலில் மடிப்பு விழுந்தால் போகாது. கரண்டிப் படத்தைக் கிழித்துவிட்டேன். கட்டில் ஜன்னலோரம் இருக்கிறது.

பீரோக் கதவு பாதிதான் திறக்கிறது.

வாஹித்