உன் பாதி ஆப்பிள்

கோபம் தணிஞ்சுதோ இல்லையோ, என் வீட்டுக்காரிக்கு,

ரத்தப் பரிசோதனை முடிவு இன்னிக்கு வந்துது. கெட்ட கொழுப்பு நல்லா இறங்கியிருக்கு. டாக்டரம்மா காகிதத்தை ரெண்டு தடவை பார்த்துட்டு, "மாத்திரை மட்டும் இவ்வளவு செய்யாது. பழம், காய்னு உங்களைச் சாப்பிட வெச்சது யாரு?"ன்னு கேட்டாங்க. "வீட்டுக்காரிதான்"னு சொல்லிட்டேன். நீ உங்க அக்கா வீட்டுக்குப் போய் நாலு மாசமாச்சுங்கறது அவங்களுக்கு எதுக்கு?

வெட்டி வெச்ச ஆப்பிள் கறுக்கற மாதிரி உடம்புக்குள்ளயும் துருப்பிடிக்கும், பழமும் காயும்தான் அதைத் தடுக்கும்னு நீ சொன்னே. "வெல்டிங் பட்டறைக்காரனுக்கே துருவைப் பத்திப் பாடமா?"ன்னு கத்தி, தட்டைத் தள்ளிவிட்டேன். அன்னிக்குச் சிதறின கேரட் துண்டு ஒண்ணு, போன வாரம் பெருக்கும்போது அலமாரிக்கு அடியில கிடைச்சுது. சுருங்கிக் கிடந்துது. தூக்கிப் போட மனசு வரல.

இப்போ பட்டறைக்கே டப்பாவுல வெள்ளரியும் பப்பாளியும் கொண்டு போறேன். எதிர்க்கடை டயர்க்காரர், "என்ன, ஆடு ஏதும் வாங்கியிருக்கீங்களா?"ன்னு கேக்கறார். கேட்டுட்டுப் போகட்டும்.

ஆனா ஆப்பிளை மட்டும் இன்னமும் ரெண்டாத்தான் வெட்டறேன். கை பழகிப்போச்சு. என் பாதியைச் சாப்பிட்டுடறேன். உன் பாதி தட்டுலயே கறுத்துப்போகுது. எலுமிச்சைச் சாறு தடவினா கறுக்காதுன்னு சொல்வியே, தடவிப் பார்த்தேன்.

கொஞ்ச நேரம்தான் தாங்குது.

நீ வெச்ச பேர்லயே,
இரும்பு மண்டை